எந்த நாட்டுக் கார் நல்ல கார்?

நம்மவர் நால்வர் கூடுமிடத்தில் அரசியலுக்கு அடுத்தபடியாகச் சூடுபிடிக்கும் விவாதம் கார் பற்றியதாகவே இருக்கக் காண்கிறோம். கோயில் வாசலிலும், கல்யாண மண்டபத்து வாகனத் தரிப்பிடத்திலும், பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலையில் இறக்கிவிட்டு வகுப்பு முடியும்வரை காத்துநிற்கும் நேரத்திலும் இந்த வழக்கு ஓயாது நடக்கிறது. ஒரு கட்சியார், "யப்பான் காரை விட்டால் வேறு கார் இல்லை, எண்ணெயும் தண்ணீரும் பார்த்துவந்தால் ஓடிக்கொண்டேயிருக்கும்" என்பர். மறுகட்சியார், "இந்த நாட்டுக் கார் என்றால் உதிரிப்பாகம் சந்திக்குச் சந்தி கிடைக்கும், காப்புறுதியும் மலிவு" என்பர். மூன்றாங் கட்சியார் தமது ஜேர்மன் காரின் கதவைச் சாத்திக் காட்டி, அந்த ஓசையே போதிய சான்று என்று வாதத்தை முடித்துவிடுவர்.

இதை வெறும் பொழுதுபோக்குப் பேச்சென்று நாம் ஒதுக்கிவிட முடியாது. வீட்டுக்கு அடுத்தபடியாக நமது குடும்பங்கள் பெருந்தொகையை முடக்கும் பொருள் கார். நம்மவருட் பலருக்கு அது வசதிக்கான பொருளும் அன்று, பிழைப்புக்கான கருவி. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து வருபவருக்கும், மினிகப் ஓட்டுபவருக்கும், வீடு வீடாக உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கும், விடியமுன் மொத்தச் சந்தைக்குச் சென்று கடைக்குச் சரக்கெடுக்கும் வியாபாரிக்கும் கார் நின்றால் அன்றைய உழைப்பும் நின்றுவிடும். அதற்கும் மேலாக, அந்தக் காரின் பின்னாசனத்தில் நமது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே எந்தக் கார் நம்பத்தக்கது, எந்தக் கார் உயிரைக் காக்கும் என்ற இரு வினாக்களுக்கும் வதந்தியை விடுத்து, நடந்தவற்றை ஆராய்ந்து விடை தேடவேண்டிய கடமை நமக்கு உண்டு.

ஊரிலிருந்து வந்த நம்பிக்கை

இந்த விவாதத்தின் வேர் ஊரிலேயே இருக்கிறது. இலங்கையில் நாம் கண்ட கார்கள் ஏறக்குறைய யாவும் கடல் கடந்து வந்தவையே. அவற்றுள் மூத்த தலைமுறையினர் மனதில் நிலைத்தவை மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ40உம், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஆகும். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து 1948ஆம் ஆண்டு வெளிவந்த மொறிஸ் மைனர், விற்பனையிற் பத்து இலட்சத்தைத் தொட்ட முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெருமையைப் பெற்றது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கையிற் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய கார் வராத நாட்டிற் பழைய காரைச் சாகவிட முடியாது. எனவே அவை தலைமுறை தாண்டி ஓடின. 1977ஆம் ஆண்டின்பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் யப்பானியக் கார்கள் வந்து குவியத் தொடங்கின.

பின்னர் போர் வந்தது. 1990ஆம் ஆண்டிலிருந்து குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடைக்காது போயிற்று. அக்காலத்திற் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் மணமக்களைக் கோயிலுக்கும் ஏற்றிச்சென்றவற்றுள் அந்தப் பழைய ஆங்கிலக் கார்கள் முன்னின்றன. இதை நேரிற் கண்ட தலைமுறையினர் "இங்கிலீசுக் கார் இரும்பு" என்று இன்றும் சொல்வதில் வியப்பில்லை.

ஆயினும் அவை ஏன் ஓடின என்று கேட்டோமா? முதலாவது காரணம், அமுக்க விகிதம் குறைந்த அந்த எஞ்சினின் எளிய அமைப்பு. தரங்குறைந்த எரிபொருளையும் அது பொறுத்துக்கொண்டது. இரண்டாவது காரணம் நமது ஊர்க் கராஜ்காரர். உதிரிப்பாகம் இல்லாதவிடத்துத் தாமே கடைந்தெடுத்தும், ஒன்றிற் கழற்றி மற்றொன்றிற் பூட்டியும் அவர்கள் அந்தக் கார்களை வாழவைத்தார்கள். அவற்றின் ஆயுளிற் பாதி ஒக்ஸ்போர்ட்டிலும் பேர்மிங்காமிலும் செய்யப்பட்டதென்றால், மறுபாதி நமது ஒழுங்கைகளிற் செய்யப்பட்டது. காரின் நாட்டைப் புகழும் நாம் அந்தக் கையை மறந்துவிடுகிறோம்.

யப்பான் கார் பெயரெடுத்த கதை

நாம் ஊரிற் புகழ்ந்த அதே மொறிஸ், ஒஸ்ரின் பெயர்கள் பிறந்த மண்ணிலேயே மதிப்பிழந்த கதையையும் சொல்லவேண்டும். 1968ஆம் ஆண்டு அவை பிரித்தானிய லேலண்ட் என்ற பெருநிறுவனத்துள் அடங்கின. 1971இல் மொறிஸ் மரீனாவும், 1973இல் ஒஸ்ரின் அலெக்ரோவும் வெளிவந்தன. அலெக்ரோவுக்கு வட்டமான சுக்கானுக்குப் பதிலாக மூலை மழுங்கிய சதுரமான ஒன்றைப் பூட்டிப் பார்த்தார்கள். சில காலத்திலேயே கைவிட்டார்கள். பழைய இயந்திரங்கள், போதாத முதலீடு, நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே தீராத பிணக்கு, தொடர் வேலைநிறுத்தங்கள் ஆகியவற்றின் விளைவாகத் தொழிற்சாலையை விட்டு வெளிவரும்போதே குறையோடு வந்த கார்கள் பல. 1975ஆம் ஆண்டு அரசே அந்நிறுவனத்தின் பெரும்பங்கை ஏற்கவேண்டியதாயிற்று.

அந்த வேளையில் வந்த டட்சனும் ரொயோட்டாவும் குளிர்காலக் காலையில் முதல் திருப்பிலேயே உயிர்பெற்றன. தனிக்காசு கேட்காமல் வானொலியும் பூட்டிவந்தன. ஆங்கிலேயரே அவற்றை நாடத் தொடங்கியபோது, பிரித்தானியக் கார் உற்பத்தியாளர் யப்பானிய உற்பத்தியாளரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். அதன்படி 1970களின் நடுப்பகுதியிலிருந்து பிரித்தானியச் சந்தையில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 என்ற அளவுக்குமேல் யப்பான் கார்கள் வராமற் பார்த்துக்கொள்ளப்பட்டது. அத்தகைய கட்டுப்பாடு 1999ஆம் ஆண்டு வரையில் ஏதோவொரு வடிவில் நீடித்தது. விலைபோகாத பொருளுக்கு எவரும் எல்லை கட்டுவதில்லை.

ஆகவே 1980களிலும் 1990களிலும் கையில் ஒரு பெட்டியோடு வந்திறங்கி, முதற் சம்பளங்களை மிச்சம்பிடித்துப் பாவித்த கார் வாங்கிய நம்மவர் யப்பான் காரைத் தேடியதில் நியாயம் இருந்தது. பழுதுபார்க்கக் காசில்லாதவனுக்குப் பழுதாகாத கார் வேண்டும். அந்தக் கால யப்பான் கார்களின் தகடு இந்நாட்டு உப்புத் தெருக்களில் விரைவாகத் துருப்பிடித்தது உண்மை. எஞ்சினோ ஓடிக்கொண்டிருந்தது. இன்றும் கார் பாவிப்போரிடம் எடுக்கப்படும் கணிப்புகளில் யப்பானிய நிறுவனங்கள் அடிக்கடி முன்வரிசையில் நிற்கின்றன. இதை மறுப்பது நமது நோக்கம் அன்று. அந்த நற்பெயரை நாட்டின் பெயரோடு ஒட்டிவைத்துவிட்டு, காரைப் பார்க்காமலே காசைக் கொடுக்கும் பழக்கத்தையே நாம் கேள்விக்குட்படுத்துகிறோம்.

உள்நாட்டுக் கார் என்பது எது?

முதலிற் கேட்கவேண்டியது, இறக்குமதி எது, உள்நாட்டு உற்பத்தி எது என்பதே. இந்தக் கேள்வியில் அரசாங்கங்களே தடுமாறியிருக்கின்றன. நிசான் நிறுவனம் 1986ஆம் ஆண்டு வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் புளூபேர்ட் காரைச் செய்யத் தொடங்கியது. 1988இல் அது பிரான்சுக்கு ஏற்றுமதியாகும் நிலை வந்தபோது, இது பிரித்தானியக் காரா, யப்பான் காரா என்று இரு அரசுகளும் பிணக்குப்பட்டன. உதிரிப்பாகங்களிற் போதிய பங்கு ஐரோப்பாவிற் செய்யப்பட்டிருந்தாலன்றி அது யப்பான் கணக்கிலேயே சேரும் என்றது பிரான்ஸ். ஆங்கிலத் தொழிலாளர் ஆங்கில மண்ணிற் செய்த கார், கால்வாயைக் கடந்ததும் அந்நியமாயிற்று!

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு நிசான் மைக்ரா. ஈஸ்ற்ஹாமிலும் வெம்பிளியிலும் சாரதிப் பயிற்சிக்கும் முதற் காருக்கும் நம்மவர் விரும்பி வாங்கிய இந்தச் சிறு கார் 1992 முதல் சண்டர்லாந்திற் செய்யப்பட்டது. 1993ஆம் ஆண்டுக்குரிய சிறந்த ஐரோப்பியக் கார் என்ற விருதையும் பெற்றது. 2010இல் வந்த புதிய மைக்ராவோ சென்னைக்கு அண்மையிலுள்ள ஒரகடத்திற் செய்யப்பட்டு இந்நாட்டுக்குக் கப்பலில் வந்தது. 2008 முதல் சில ஆண்டுகள் இங்கு விற்பனையான ஹுண்டாய் ஐ10 காரும் சென்னைத் தொழிற்சாலையின் உற்பத்தியே. யப்பான் கார் என்று ஒருவரும், கொரியக் கார் என்று மற்றவரும் வாங்கி இலண்டன் தெருக்களில் ஓட்டியவை தமிழ்நாட்டுத் தொழிலாளரின் கைகள் பூட்டிய கார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

மறுபுறம், ஆங்கிலப் பெயர்களின் நிலையைப் பாருங்கள். கிழக்கு இலண்டனில் நமது குடும்பங்கள் பல வாழும் இல்போர்ட், பார்கிங் பகுதிகளுக்கு அண்மையிலுள்ள டாகன்ஹாமில் 1931 முதல் போர்ட் நிறுவனம் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் வாகனங்களைச் செய்தது. 2002இல் அங்கே கார் உற்பத்தி நின்றது. இலண்டனின் ஒரு பகுதியின் பெயரையே தாங்கிய வொக்ஸ்ஹோல் நிறுவனம் லூட்டனில் 2002இலும், எல்ஸ்மியர் போர்ட்டில் 2022இலும் கார் உற்பத்தியை முடித்துக்கொண்டது. இன்று அப்பெயரில் விற்பனையாகும் கார்கள் வெளிநாடுகளிலிருந்து வருபவை. ரோவர் 1994இல் ஜேர்மன் பீ.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பெயரளவில் 10 பவுணுக்குக் கைமாறி, 2005 ஏப்பிரலில் வீழ்ந்தபோது லோங்பிறிட்ஜில் ஏறக்குறைய 6,000 பேர் வேலையிழந்தனர். அதன் எம்.ஜி. என்ற பெயர் இன்று சீன நிறுவனமொன்றின் சொத்து. ஜகுவாரும் லாண்ட் ரோவரும் 2008 முதல் இந்தியாவின் டாட்டாவுக்கு உரியவை. ஜேர்மானியருக்குச் சொந்தமான மினி இன்னும் ஒக்ஸ்போர்ட்டிற் செய்யப்படுகிறது. யப்பானியருக்குச் சொந்தமான கஷ்காய் சண்டர்லாந்திலும், கொரொல்லா டார்பிக்கு அண்மையிலுள்ள பேர்னஸ்டனிலும் செய்யப்படுகின்றன. இந்த நாட்டுக் காரென்று நம்மவர் மார்தட்டும் கார் இறக்குமதியாகவும், யப்பான் காரென்று போற்றும் கார் இந்த நாட்டு உற்பத்தியாகவும் இருக்கக்கூடும்.

ஐயமுள்ளோர் தமது காரின் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடிச்சட்ட இலக்கத்தைப் பார்க்கலாம். எஸ்.ஜே.என். என்று தொடங்கினால் அது பிரித்தானிய நிசான், எஸ்.பி.1 என்றால் பிரித்தானிய ரொயோட்டா, ஜே என்ற எழுத்து யப்பானைக் குறிக்கும், எம்.ஏ.எல். என்றால் இந்தியாவில் ஹுண்டாய் செய்தது. இதுவும் முழுச் சான்று அன்று. ஒக்ஸ்போர்ட்டிற் செய்யப்படும் மினியின் இலக்கம் ஜேர்மனிக்குரிய டபிள்யூ என்ற எழுத்திலேயே தொடங்குகிறது.

மண்ணா, முறையா?

அப்படியானால் ஒரு கார் நம்பத்தக்கதாக அமைவதற்குக் காரணம் என்ன? இதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்ததொன்று தெளிவான விடை தருகிறது. பிறிமொன்ற் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. வேலைக்கு வராதோர் தொகையாலும், சண்டைகளாலும், குறைபட்ட கார்களாலும் கெட்ட பெயரெடுத்து 1982இல் அது மூடப்பட்டது. 1984இல் ரொயோட்டாவும் ஜெனரல் மோட்டர்ஸும் கூட்டாக அதை மீளத் திறந்து, பெரும்பாலும் அதே பழைய தொழிலாளரையே வேலைக்கு எடுத்தன. குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் உற்பத்தி வரிசையை நிறுத்தும் உரிமை பெற்றார். குறையை மறைப்பவரன்றிச் சொல்பவரே மதிக்கப்பட்டார். குறுகிய காலத்துள் அங்கே செய்யப்பட்ட கார்கள் யப்பானிற் செய்யப்பட்டவற்றோடு ஒப்பிடும் தரத்தை எட்டின. அதே மண், அதே கைகள். மாறியது முறை ஒன்றே.

இக்கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. அந்தத் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் ஏறக்குறைய ஒரே கார் இரு பெயர்களில் வெளிவந்தது. ரொயோட்டா கொரொல்லா என்ற பெயருடையது பாவித்த நிலையிலும் கூடிய விலைக்குப் போயிற்று. ஜியோ பிறிசம் என்ற அமெரிக்கப் பெயருடையது குறைந்த விலைக்குப் போயிற்று. இரும்பு ஒன்று, எஞ்சின் ஒன்று. பெயர் மட்டும் வேறு. பெயருக்குக் காசு கொடுப்பது நம்மவரின் தனிக்குணம் அன்று என்று நாம் ஆறுதல் கொள்ளலாம்.

இந்த நாட்டிலும் இதே பாடம் உண்டு. பிரித்தானிய லேலண்ட் 1981இல் ஹொண்டாவின் வடிவமைப்பைப் பெற்று ட்றையம்ப் அக்லெய்ம் என்ற காரைக் கௌலியிற் செய்தபோது, அந்த நிறுவனத்தின் கார்களுள் அது குறை குறைந்ததென்று பெயரெடுத்தது. சண்டர்லாந்தின் நிசான் தொழிலாளர் பலர் கப்பற்கட்டும் துறையும் நிலக்கரிச் சுரங்கமும் நலிந்த பிரதேசத்துப் பிள்ளைகள். அவர்களின் தொழிற்சாலை ஐரோப்பாவின் திறமைமிக்க கார்த் தொழிற்சாலைகளுள் ஒன்றென மதிக்கப்பட்டது.

எந்த நாடும் தவறுக்கு அப்பாற்பட்டதன்று என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. பாவனையாளரின் முறைப்பாடுகளைப் பல ஆண்டுகளாக மறைத்துவந்ததை யப்பானின் மிற்சுபிசி நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டது. புகைப் பரிசோதனையை ஏமாற்றும் கணினி நிரலைப் பொருத்தியமை 2015இல் வெளியானபோது ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் தலைகுனிந்தது. யப்பானின் தக்காற்றா நிறுவனத்தின் காற்றுப்பைகள், விபத்திற் காக்கவேண்டியவை, தாமே வெடித்து உலோகத் துண்டுகளை வீசி உயிர்களைப் பலிகொண்டன. அந்நிறுவனம் 2017இல் முறிந்தது. அந்தக் காற்றுப்பைகளோ யப்பான், ஜேர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா என்ற வேறுபாடின்றிப் பல நாட்டுக் கார்களுள் இருந்தன. 2025 யூனில் பிரித்தானியாவில் ஏறக்குறைய 120,000 சித்திரோன் சி3, டி.எஸ்.3 கார்களை உடனே ஓட்டாது நிறுத்துமாறு அறிவிக்கப்பட்டதும் இதே காற்றுப்பையின் பொருட்டே.

ஓடுவது வேறு, காப்பது வேறு

நமது விவாதங்களிற் பெரிதும் குழம்பிப்போவது இந்த இடம். பழுதாகாத கார் என்பதும் பாதுகாப்பான கார் என்பதும் ஒன்றல்ல. மொறிஸ் மைனரின் கனத்த தகட்டைத் தட்டிக்காட்டி, "இது மோதினால் மற்றவன்தான் நொருங்குவான்" என்பார் உளர். வண்டி நொருங்காவிட்டால் மோதலின் வேகம் உள்ளிருப்பவர் உடலிற் போய் இறங்கும். முன்பகுதி ஒழுங்காக நொருங்கி அந்த விசையை உள்வாங்க, பயணிகள் இருக்கும் கூடு மட்டும் குலையாது நிற்பதே நல்ல வடிவமைப்பு.

ஐரோப்பாவில் 1997ஆம் ஆண்டு யூரோ என்காப் என்ற அமைப்பு கார்களை மோதவைத்து நட்சத்திரப் புள்ளிகள் வழங்கத் தொடங்கியது. அதன் முதற் சோதனைகளில் ரோவர் 100 என்ற உள்நாட்டுச் சிறு கார் ஒரேயொரு நட்சத்திரம் பெற்றது. 1980இல் மெட்ரோ என்ற பெயரில் வந்த வடிவமைப்பு அது. அந்த ஆண்டு முடிவுக்குள் அதன் உற்பத்தி நின்றது. 2001இல் முதன்முதல் ஐந்து நட்சத்திரம் பெற்ற கார் பிரான்சின் ரெனோ லகூனா. அதே லகூனா மின்னமைப்புக் கோளாறுகளுக்குப் பெயர்போனதாயிற்று. காக்கும் கார் ஓடாமல் நிற்கவும், ஓடும் கார் காக்காமல் விடவும் கூடும்.

நட்சத்திரத்துக்கும் காலம் உண்டு. 2005இல் ஐந்து நட்சத்திரம் பெற்ற பியட் புன்ரோ, பெரிதும் மாறாத நிலையில் 2017இல் மீளச் சோதிக்கப்பட்டபோது ஒன்றுமே பெறவில்லை. கார் கெட்டுப்போகவில்லை, அளவுகோல் உயர்ந்தது.

நாட்டின் பெயரை நம்புவோர் சிந்திக்கவேண்டிய எடுத்துக்காட்டு முன் சொன்ன ஐ10. சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த அந்தக் கார் 2008இல் யூரோ என்காப் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. 2014இல் குளோபல் என்காப் என்ற அமைப்பு இந்தியச் சந்தைக்குரிய, காற்றுப்பை இல்லாத ஐ10 காரைச் சோதித்தபோது வளர்ந்தோர் பாதுகாப்பிற் கிடைத்தது பூச்சியம். ஒரே நாடு, ஒரே பெயர். இலண்டனிலுள்ள தமிழனுக்கு ஒரு பாதுகாப்பு, சென்னையிலுள்ள தமிழனுக்கு வேறொரு பாதுகாப்பு. எங்கே செய்யப்பட்டது என்பதிலும் பார்க்க, எந்தச் சட்டத்தின்கீழ் விற்கப்பட்டது என்பதே உயிரைத் தீர்மானித்தது. ஊரில் உறவினருக்குக் கார் வாங்கக் காசனுப்புவோர் இதை மனதிற் கொள்ளவேண்டும்.

யப்பானிலிருந்து நேரே வரும் பாவித்த கார்

பெரிய குடும்பங்களுக்கு எட்டு ஆசன வான் தேவைப்படுவதால், யப்பானில் ஓடிய எஸ்ரிமா, அல்பார்ட் போன்றவற்றை நேரே இறக்குமதி செய்வோரிடம் நம்மவர் வாங்குவதுண்டு. நல்ல வண்டிகள் அவற்றுட் பல உண்டு. ஆனால் அவை யப்பானியச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. வேகமானி கிலோமீற்றரிற் காட்டும்; இந்நாட்டுச் சட்டப்படி வேண்டிய பின்புறப் பனிமூட்ட விளக்கு இருப்பதில்லை; அடித்தகட்டுக்கு உப்பைத் தாங்கும் பூச்சுக் குறைவு. பத்து ஆண்டுக்குட்பட்டதாயின் தனிப்பட்ட வாகன அனுமதிச் சோதனையிற் தேறவேண்டும். காப்புறுதிக்குக் கூடிய தொகை கேட்கப்படலாம். இலண்டன் முழுவதற்கும் 2023 ஓகஸ்ட் 29 முதல் விரிவாக்கப்பட்ட புகைக் கட்டுப்பாட்டு வலயத்தில் நாளொன்றுக்கு 12.50 பவுண் அறவிடப்படுவதால், இத்தகைய வண்டியின் புகை அளவுக்குரிய பத்திரம் கையில் உண்டா என்பதையும் வாங்குமுன் பார்க்கவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, குறைகண்ட வண்டிகளை உற்பத்தியாளர் திருத்தத்துக்கு மீள அழைக்கும்போது, வேறொரு நாட்டுச் சந்தைக்குரிய வண்டி இங்குள்ள பட்டியலில் இல்லாமற் போகலாம். அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து நாமே விசாரித்தறிவது நன்று.

நாம் மாற்றவேண்டிய வழக்கங்கள்

இனி நம்மையே நாம் நோக்குவோம். "தெரிந்த பெடியன், நம்மவன்தானே" என்று பத்திரம் பாராமல் இரவோடிரவாகக் கார் வாங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நட்பு நல்லது; பத்திரமும் நல்லது. ஒரு காரின் பதிவு இலக்கத்தைக் கொடுத்தால் அதன் எம்.ஓ.ரி. வரலாறு முழுவதையும் அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வோராண்டும் எத்தனை மைல் ஓடியது, எதிற் தவறியது என்பதெல்லாம் அங்கே இருக்கும். மைல்மானியைப் பின்னோக்கிச் சுழற்றியவர் அங்கே அகப்படுவார். ஆங்கிலம் தடையாயின் வீட்டிலுள்ள பிள்ளை ஐந்து நிமிடத்தில் வாசித்துச் சொல்லும். எம்.ஓ.ரி. தேறியது என்பதனால் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் கிளச்சும் நன்றென்று ஆகாது. அச்சோதனை அவற்றின் நலத்தை அளப்பதில்லை.

காரை ஒருவர் பாவிக்க, பதிவுப் பத்திரம் இன்னொருவர் பெயரிலோ பழைய விலாசத்திலோ கிடப்பது இன்னொரு வழக்கம். திருத்தத்துக்கான அழைப்பு பதிவிலுள்ள விலாசத்துக்கே போகும். காற்றுப்பை வெடிக்கும் என்ற எச்சரிக்கை, நாம் ஐந்தாண்டுக்கு முன் குடியிருந்த அறையின் வாசலிற் கிடந்தால் யாருக்கு என்ன பயன்? விலாசம் மாற்றாமைக்கு 1,000 பவுண் வரை தண்டமும் உண்டு.

மகன் ஓட்டும் காரைத் தந்தை பெயரிற் காப்புறுதி செய்து செலவைக் குறைப்பதும், சாதாரணக் காப்புறுதியோடு கூலிக்கு உணவு விநியோகம் செய்வதும் விபத்து நடக்கும்வரையே இலாபம். நடந்தபின் காப்புறுதி நிறுவனம் கைவிரித்தால், கட்டியெழுப்பிய வாழ்வே ஆட்டங்காணும். புதிய சாரதி இரண்டாண்டுக்குள் ஆறு புள்ளிகள் பெற்றால் அனுமதிப் பத்திரத்தையே இழப்பார். காப்புறுதியின்றி ஓட்டியதற்கு விதிக்கப்படுவதே ஆறு புள்ளிகள். அந்தப் பத்திரத்தோடு அவரது வேலையும் போய்விடும்.

இறுதியாக ரயரும் ஆசனப் பட்டியும். சட்டம் கேட்கும் தவாளிப்பு ஆழம் 1.6 மில்லிமீற்றர், அதற்குக் குறைந்த ஒவ்வொரு ரயருக்கும் 2,500 பவுண் வரை தண்டமும் மூன்று புள்ளிகளும் உண்டு. மழுங்கிய ரயரோடு மழையில் நழுவும்போது ரொயோட்டா ஒரு பக்கமும் போர்ட் இன்னொரு பக்கமும் நழுவுவதில்லை. தேர்த்திருவிழாவுக்குப் போகும் வானில் மடியில் ஒன்றும் இடுக்கில் இரண்டுமாகப் பிள்ளைகளை ஏற்றுவதை நாம் இன்னமும் காண்கிறோம். பன்னிரண்டு வயதாகும்வரை, அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை, பிள்ளைக்கு உரிய ஆசனம் வேண்டும் என்பது 2006 முதல் இந்நாட்டுச் சட்டம். பட்டி கட்டாத பிள்ளையை ஐந்து நட்சத்திரமும் காக்கமாட்டா.

யப்பான் காரைப் பற்றி ஆங்கிலேயர் ஒரு காலத்திற் சொன்ன ஏளனத்தை இன்று சீனக் காரைப் பற்றி நம்மவர் சொல்லக் கேட்கிறோம். அது சரியோ பிழையோ, காலமும் சோதனையும் சொல்லட்டும். ஆனால் பிறந்த நாட்டின் பெயரைக் கேட்டவுடன் தரத்தை முடிவுகட்டும் பழக்கத்தால் வேலைத்தலங்களிலும் வீட்டு வாடகை அலுவலகங்களிலும் துன்பப்பட்டவர்கள் நாம். நமது கையின் தொழிலைப் பார்த்து எடைபோடுங்கள் என்றே இந்த நாட்டிடம் நாம் கேட்டோம். இரும்புக்கும் அந்த நீதியைச் செய்தால் நமது பணம் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.

ஆகவே அடுத்த முறை கோயில் வாசலிற் கார் வழக்குத் தொடங்கும்போது, எந்த நாட்டுக் கார் என்று கேட்பதை விடுத்து, எவ்வாறு பேணப்பட்டது, எந்தச் சோதனையிற் தேறியது, பத்திரம் யார் பெயரில், ரயர் எப்படி, பிள்ளைக்கு ஆசனம் உண்டா என்று கேட்போமாக. வீடு திரும்பியதும் முதல் வேலையாக நமது சொந்தக் காரின் அடிச்சட்ட இலக்கத்தைக் குறித்தெடுத்து, மீள அழைக்கப்பட்டவற்றுள் அது உண்டா என்று பார்ப்போமாக. அதற்குச் செலவு எதுவும் இல்லை.